வேலியில் காய்ந்த சேலைகள்

லாயத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, வயிற்றுவலி கண்ட குதிரையை எப்படி எழுப்பி நிறுத்தினேன், கடிக்கிற குதிரையை எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் என்றெல்லாம் எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். அதற்கு உங்களிடம் டாக்டர்கள் இருக்கிறார்கள், புத்தகங்களும் இருக்கின்றன. நான் வேலியைப் பற்றி எழுதுகிறேன். என் கண்ணெதிரே நோய்நொடியில் போன குதிரைகளைவிட வேலியில் மாட்டிக் கால் போன குதிரைகள்தான் அதிகம். அப்படிப் போகவிருந்த ஒன்றை நான் போகவிடாமல் நிறுத்தினேன். அந்தக் கதையைச் சொல்லும்போது கொஞ்சம் பீற்றிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் நான் எவ்வளவு பெரிய மடையனாக இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு வயது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்தின் தென்கரையில், ஒரு சிறிய ஜமீன்தாருடைய குதிரை லாயத்துக்கு என்னைப் பொறுப்பாக வைத்தார்கள். ஏழு குதிரைகள், நான்கு குதிரைக்காரர்கள், லாடம் அடிக்க ஒருவர். ஜமீன்தார் தம் ஊரில் இருப்பார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார். எங்கள் வீடு திருச்சிப் பாலக்கரையில். என் அத்தாவும், அவருடைய அத்தாவும் குதிரையோடு வாழ்ந்தவர்கள். குதிரை என்றால் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. அது இன்னும் ஆபத்து.

லாயத்துக்கும் ஆற்று மணலுக்கும் நடுவில் குதிரைகளை அவிழ்த்துவிடுகிற அடைப்பு ஒன்று இருந்தது. நாலு பக்கமும் பழைய கிளுவை வேலி. ஆடு தின்றதும் கரையான் அரித்ததும் போக, பாதி இடத்தில் வேலியே கிடையாது. நான் வந்த வருஷமே அதைப் பிடுங்கிப்போட்டுவிட்டுக் கல் தூண் நட்டு, ஐந்து வரிசை கம்பி இழுத்துக் கட்டினேன். முள்கம்பி போடலாம் என்று ஜமீன்தார் சொன்னார். வேண்டாம், குதிரைக்கு ஆகாது, மொழுமொழுவென்ற கம்பிதான் நல்லது என்று வாதாடி ஜெயித்தேன். அதோடு என் புத்திசாலித்தனம் தீர்ந்துபோயிற்று. நூல் பிடித்த மாதிரி நேரான வேலி, சரியான சதுரம், சுண்டினால் ஓசை கேட்கிற அளவுக்கு முறுக்கு. உத்தமர்சீலிப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலங்களில் நானே தூரத்தில் நின்று அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த அழகுக்குக் கேடு ஒன்று வந்தது. அடைப்பின் வடக்குப் பக்கம், ஆற்று ஓரமாக, ஏழெட்டுக் குடும்பங்கள் துணி வெளுத்துக்கொண்டிருந்தன. கிளுவை முள் துணியைக் கிழிக்கும் என்று பழைய வேலிப் பக்கமே அவர்கள் வந்ததில்லை. இப்போது முள்ளில்லாத கம்பியைப் பார்த்ததும் விடுவார்களா? நாங்கள் கொள்ளு வைத்து, தேய்த்து, குதிரைகளை அவிழ்த்துவிடுகிற நேரத்துக்குள் வடக்குக் கம்பி முழுக்கச் சேலையும் வேட்டியுமாக ஏறியிருக்கும். நடுப்பகலில் அவர்கள் துணியை எடுக்கும்போது நாங்களும் வெயிலுக்குப் பயந்து குதிரைகளை உள்ளே கட்டிவிடுவோம். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

மாசி மாதத்தில் ஜமீன்தார் வேலியைப் பார்க்க வருகிறார் என்று ஆள் வந்து சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே ஆற்றுக்குப் போய், நாளையிலிருந்து ஒரு துணிகூட என் வேலியில் இருக்கக்கூடாது என்று அத்தனை பேரிடமும் கத்திவிட்டு வந்தேன். அவர்கள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்கள். ஒரு பெண்மணி மட்டும், என் வயதுதான் இருக்கும், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என் பின்னாலேயே நடந்து வந்தார்.

"ராவுத்தரய்யா, நாங்க மணல்ல காயவச்சுக்குறோம், அதுக்கில்ல. குதிரைங்க இந்தத் துணியப் பாத்துத்தான் திரும்புதுங்க. கம்பி அதுங்க கண்ணுக்குத் தெரியல. ஒரேயடியா எடுத்துட்டீங்கன்னா வந்து விழுந்துரும்ங்க."

நான் சிரித்தேன். எனக்கே குதிரைப் பாடம் சொல்கிறாயா, போய் உன் வெள்ளாவியைப் பார் என்று சொன்னேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் காது மடல் சுடுகிறது. அவர் கோபப்படவில்லை, திரும்பிப் போய் மணலில் கிடந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தார்.

மறுநாள் காலை வேலி அப்பழுக்கில்லாமல் நின்றது. ஜமீன்தார் வந்து லாய வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் குதிரைகளை அவிழ்த்துவிடச் சொன்னேன். எங்கள் குதிரைகளில் ரோஜா என்று ஒரு செம்மண் நிறப் பெட்டை உண்டு. கதவு திறந்ததும் முதலில் பாய்வது அதுதான். வடக்கே ஆற்றைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடி, வேலிக்கு ஐந்தாறு முழம் முன்னால் அழகாக இடது பக்கம் வளைந்து திரும்பும். தினமும் பார்க்கிற காட்சி. ஜமீன்தாரிடம், பாருங்கள் எஜமான், இப்போது திரும்பும் என்று சொன்னேன்.

அது திரும்பவில்லை.

கம்பி அதிர்ந்த ஓசை லாயம் வரைக்கும் கேட்டது. மார்பு முட்டி, முன்னங்கால் ஒன்று இரண்டாவது கம்பிக்கும் மூன்றாவது கம்பிக்கும் நடுவே புகுந்து, பின்னால் இழுக்கையில் இரண்டு கம்பியும் முறுக்கிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே இறுகிப்போயின. ரோஜா மூன்று காலில் நின்று இழுத்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் கம்பி உள்ளே போயிற்று. நான்கு குதிரைக்காரர்களும் கத்திக்கொண்டு ஓடினார்கள். பின்னாலிருந்து கூட்டமாக ஆள் வருவதைப் பார்த்த குதிரை இன்னும் வெறியோடு இழுத்தது.

தம்பிகளே, அந்த நேரத்தில் என் உடம்பு முழுக்க ஓடு ஓடு என்றுதான் சொல்லிற்று. நான் நின்றேன். நின்று, ஓடுகிறவர்களை அங்கங்கே தரையில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்கிற முகத்தோடு உட்கார்ந்தார்கள். கத்தல் அடங்கியது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களை எண்ணச் சொன்னால் நாலு பேரை மண்ணில் உட்காரவைத்ததையும் சேர்த்துக்கொள்வேன். பிறகு பக்கவாட்டில் சுற்றி, குதிரை என்னைப் பார்க்கிற மாதிரி, மெல்ல நடந்தேன்.

எனக்கு முன்னால் அந்தப் பெண்மணி போய்விட்டார். வேலிக்கு ஆற்றுப் பக்கமாக நின்று, நனைந்த சேலை ஒன்றைக் குதிரையின் கண்ணை மூடித் தலையோடு போர்த்தி, கழுத்தில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் தெரியுமா? எந்த வீட்டுச் சேலை சாயம் போயிற்று, எந்த வீட்டு அம்மா வேட்டியில் கறை போகவில்லை என்று சண்டைக்கு வந்தார் என்கிற கதைகள். ரோஜா நடுங்கிக்கொண்டே கேட்டது. இழுப்பதை நிறுத்திவிட்டது.

நான் குனிந்து காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜமீன்தார் வந்தார். கையில் துப்பாக்கி. அவர் கெட்டவர் இல்லை. கால் போன குதிரையை வலியோடு வைத்திருக்கக்கூடாது என்பது அந்த நாள் நியாயம்.

"கால் போயிடுச்சு ராவுத்தரே. அது படுற பாட்டப் பாக்க முடியல. தள்ளிக்குங்க."

"கால் போச்சா இல்லையான்னு கம்பி வெளிய வந்தாத்தான் தெரியும் எஜமான். அதுவரைக்கும் அதைக் கீழ வைங்க."

அவரிடம் நான் அதற்கு முன் ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. அவர் துப்பாக்கியைத் தூணில் சாய்த்தார்.

லாடக்காரர் கம்பி வெட்டுகிற குறடோடு வந்து காலுக்குப் பக்கத்திலேயே வைக்கப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு முறுக்கோடு கட்டியவன் நான்தானே; வெட்டின நொடியில் அது எப்படித் துள்ளும் என்பது எனக்குத் தெரியும். குதிரையின் வயிற்றிலோ அந்த அம்மாளின் முகத்திலோ அடித்தால் என்ன ஆகும்? உட்கார்ந்திருந்த நால்வரை ஒவ்வொருவராக, நடந்து வரச் சொன்னேன். காலுக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் சாக்கைச் சுற்றிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் வெட்டச் சொன்னேன், காலிலிருந்து தள்ளி. இரண்டு கம்பியும் சத்தமில்லாமல் தளர்ந்தன. அதற்குள் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. என் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வந்திருக்கும்.

காயம் எலும்பு தெரிகிற ஆழம். ஆனால் காலின் பின்புறத்து நரம்பு அறுபடவில்லை. வைகாசியில் மறுபடி வருவேன், அதற்குள் குதிரை காலை ஊன்றவில்லையென்றால் நான் குறுக்கே நிற்கக்கூடாது என்று ஜமீன்தார் சொல்லிவிட்டுப் போனார். நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன்.

மருந்து, கட்டு, டாக்டர் சொன்னது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். காலையும் மாலையும் ரோஜாவை ஆற்று வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அந்த வாய்க்கால் துணி துவைக்கிற கற்களுக்குப் பக்கத்தில்தான் ஓடியது. நாலைந்து நாள் நான் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்க்காமலே நின்றேன். பிறகு வெட்கத்தை விட்டு, அம்மா, எனக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

அவர் துவைப்பதை நிறுத்தாமலே சொன்னார். "நீங்க லாயத்துப் பக்கம் நிக்கிறீங்க, குதிரையோட முதுகப் பாக்குறீங்க. நான் ஆத்துப் பக்கம் நிக்கிறேன். அது மூஞ்சியப் பாக்குறேன்."

இவ்வளவுதான். என் அத்தா சொல்லித்தராதது, எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காதது. அன்று மாலையே அடைப்புக்குள் போய், குதிரை ஓடிவருகிற வழியில், குதிரைத் தலை உயரத்துக்குக் குனிந்து நடந்து பார்த்தேன். கிட்டத்தில் போகும்வரை கம்பி இல்லை! மணலும் வானமும்தான். நான் தினமும் ரசித்த வேலி, யாருக்காகக் கட்டினேனோ அதன் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் போய், துணிகளை மறுபடி வேலியில் போடுங்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை.

"எங்கிட்ட மட்டுமா போடாதேன்னீங்க? எல்லாருகிட்டயும்தான கத்துனீங்க. எல்லாருகிட்டயும் சொல்லுங்க."

துவைக்கிற கல் ஒன்றின் மேல் ஏறி நின்று சொன்னேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், இந்த அம்மா சொன்னதுதான் சரி, தயவுசெய்து நாளையிலிருந்து துணியை வேலியில் காயப்போடுங்கள் என்று. முதலில் ஒரு கிழவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஈரக் கல்லில் வழுக்கி நான் தண்ணீரில் இறங்கியதும் சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. அது எனக்கு வேண்டியதுதான்.

அதன் பிறகு அவர் கொடுத்த உத்தரவுகளை நான் நிறைவேற்றினேன். வெள்ளை வேட்டி மணல் வெளிச்சத்தோடு கலந்துவிடும், குதிரைக்குப் பிரயோஜனமில்லை. அதை மணலிலேயே போடட்டும், வேலிக்குக் கருநீலம், அரக்கு, பச்சை என்று அடர்ந்த நிறச் சேலைகள்தான். நாலு மூலைகளிலும் குதிரைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு திரும்ப இடமில்லாமல் முட்டுவதையும் அவர் பார்த்திருந்தார். ஒவ்வொரு மூலையிலும் குறுக்கே மூங்கில் கட்டி அதிலும் சேலை போட்டோம். என் சரியான சதுரம் வட்டத்துக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. அழகு போயிற்றே என்று ஒரு குதிரைக்காரர் வருத்தப்பட்டார். நான் அவரைக் குனிந்து நடந்து பார்க்கச் சொன்னேன். சித்திரை பிறந்தபோது ரோஜா காலை ஊன்றியது. சித்திரை முடிவதற்குள் ஓடியது. தழும்பு மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தங்கிவிட்டது.

வைகாசியில் ஜமீன்தார் வந்தார், மதராஸிலிருந்து இரண்டு விருந்தாளிகளோடு. ரோஜா நடப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்தான், என் தோளைத் தட்டினார். பிறகு விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கமாக வேலியைச் சுற்றி நடந்தார். நானும் கூடப் போனேன். வேலி நெடுக ஊராருடைய சேலைகள் காற்றில் படபடத்தன. விருந்தாளிகளில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஜமீன்தாரின் முகம் சிவந்துவிட்டது.

"இது என்ன ராவுத்தரே, என் லாயமா, வண்ணாந்துறையா? எல்லாத்தையும் இப்பவே எடுக்கச் சொல்லுங்க."

மூன்று மாதத்துக்கு முன் நான் கத்திய அதே கத்தல். குதிரைகள் ஏழும் அடைப்புக்குள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் இடுப்பிலிருந்த லாயத்துச் சாவிக்கொத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"துணிய எடுக்கணும்னா முதல்ல குதிரைங்கள உள்ள கட்டணும் எஜமான். அதுங்க வெளிய இருக்கும்போது எடுக்கச் சொன்னா, சாவிய வாங்கிட்டு வேற ஆளப் பாத்துக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். எனக்கு வேறு வேலை எங்கேயும் கிடையாது. நிக்காஹ் ஆகி ஒரு வருஷம், வீட்டில் தாய்தகப்பன். அவர் வாயைத் திறப்பதற்குள் வேட்டுச் சத்தம் கேட்டது.

பக்கத்துச் சேரியிலிருந்தும் தோப்புத் தெருவிலிருந்தும் ஆற்றுக்குக் கரகம் எடுக்க வந்தவர்கள் லாயத்துக்குப் பின்னால் அதிர்வேட்டுப் போட்டார்கள். ஏழு குதிரைகளும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. அடுத்த வேட்டுக்கு, ரோஜா முன்னால் வர, எங்களை நோக்கி நேராகப் பறந்து வந்தன. விருந்தாளிகள் பின்னால் ஓடினார்கள். ஜமீன்தார் ஓடவில்லை. ஓடிவருகிற குதிரையின் முகத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ரோஜா சேலைகளைக் கண்டது. காது முன்னால் குத்திட்டு நின்றது. ஐந்தாறு முழம் முன்னால் வளைந்து திரும்ப, மற்ற ஆறும் அதன் பின்னால் வளைந்தன. மூலையில் மூங்கில் சேலையைத் தொட்டும் தொடாமலும் சுற்றிப் போயின.

ஜமீன்தார் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆனால் வேட்டு ஓயவில்லை. குதிரைகள் தெற்கே போய் மறுபடி திரும்பின. அப்போதுதான் தண்ணீர் ஓரத்திலிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது. "பெரியய்யா, உங்க முன்னாடி! சேல பறந்துருச்சு!"

காற்றில் ஒரு சேலை கழன்று மணலில் புரண்டுகொண்டிருந்தது. அது இருந்த இடத்தில், இரண்டு தூணுக்கு நடுவில், வெறும் கம்பி. ரோஜா அந்த இடைவெளியைத்தான் வழி என்று நினைத்து வந்தது. நான் பத்தடி தள்ளி நின்றேன், எட்டாது. ஜமீன்தார் தோளிலிருந்த அரக்குப் பட்டு அங்கவஸ்திரத்தை உருவினார். இரண்டு கையாலும் விரித்து, கம்பியின் மேல் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டே அங்கேயே நின்றார். கண்ணை மூடிக்கொண்டார், அதை நான் பார்த்தேன்.

ரோஜா திரும்பியது. மண் அவர் முகத்தில் தெறித்தது. ஏழும் திரும்பின, ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை. நான் வாய்விட்டு அழுதேன் தம்பிகளே, சாவிக்கொத்து கையில் கிலுகிலுக்க. வெட்கப்படவில்லை.

கரகம் கடந்துபோய் வேட்டும் ஓய்ந்தது. விருந்தாளிகள் திரும்பி வந்தார்கள். ஜமீன்தார் முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கவஸ்திரத்தை எடுக்கக் கையை நீட்டினார். அந்த அம்மாள் பறந்த சேலையை உதறிக்கொண்டே கிட்டே வந்திருந்தார்.

"குதிரைங்க இன்னும் வெளியதான் இருக்குங்க பெரியய்யா."

ஜமீன்தார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, சாவியை இடுப்பில் வையுங்கள் என்று சைகை காட்டினார். அப்புறம் அந்த வைகாசி வெயிலில், மதராஸ் விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, வெறும் தோளோடு நின்றார். கடைசிக் குதிரையை நாங்கள் உள்ளே கட்டிக் கதவைச் சாத்தும்வரை நின்றார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் அங்கவஸ்திரத்தை வேலியிலிருந்து எடுத்து, மண் தட்டி, மடித்து அவர் கையில் கொடுத்தார்.